உப்பு ஃபைல்

எங்கள் வீட்டில் சத்தமாகச் சண்டை நடந்ததே இல்லை. அவ்வளவு தங்கமானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை போடவும் ஆள் எதிரில் இருக்க வேண்டுமே. என் வீட்டுக்காரர் பேக்கரியில் அடுப்பு வேலை பார்க்கிறார். மாலை ஆறரைக்குக் கிளம்பினால் மறுநாள் காலை ஆறரைக்குத்தான் வருவார். நான் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, எண்ணி, துணியில் கட்டி, ஆவியில் வைத்து எடுக்கும் அறையில் வேலை செய்கிறேன். காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் மாலை ஆறு மணிக்கு வீடு. நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள், நாளைக்கு அரைமணி நேரம் மிஞ்சும். அந்த அரைமணியில் அவர் காலுறை தேடுவார், நான் செருப்பைக் கழற்றுவேன்.

ஞாயிறு எனக்கு விடுமுறை. அவருக்கும் வாரத்தில் ஒரு நாள் இருந்தது. போன வருடம் இன்னொரு அடுப்புக்காரர் வேலையை விட்டுப் போனதிலிருந்து அதுவும் போயிற்று. "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும்" என்றார் முதலாளி. ஒரே ஆள் இரண்டு ஆள் வேலையைச் செய்துகொண்டிருந்தால் எந்த முதலாளிக்கு வேறு ஆள் கிடைக்கும்? ஆக, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்து படுத்துக் குறட்டை விடுவார், நான் அதைக் கேட்டுக்கொண்டே துணி துவைப்பேன். அந்தக் குறட்டைக்கு மாடிப்படி வரைக்கும் பெயர் உண்டு. மதியம் இரண்டு மணிக்கு எழுவார். அதற்குப் பிறகு நாலரை மணி நேரம் எங்களுக்குத் திருவிழாதான்.

போனில் பேசிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டாயிற்று. என் போன் வேலை நேரம் முழுக்க லாக்கரில் கிடக்கும், சுத்தமான அறைக்குள் அதற்கு அனுமதி இல்லை. அவர் விரல்களோ போனுக்கு ஆனவை அல்ல. ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழும். அதனால் அவர் அனுப்பும் பதில் எப்போதும் "ம்" தான். காஸ் வந்ததா? ம். சாப்பிட்டீங்களா? ம். வீடு தீப்பிடித்துவிட்டது என்று சொன்னாலும் "ம்" என்றுதான் வரும்.

ஆனால் லேப்டாப்பில் மனிதர் வேறு.

அது ஆஸ்பத்திரி ஆபீஸில் கழித்துக் கட்டிய லேப்டாப். பெரியது, கனம், பொத்தான்கள் ஒவ்வொன்றும் அரை பிஸ்கட் அளவு இருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, பேனா அகப்படாமல், அதைத் திறந்து ஒரு வரி தட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தார்: "உப்பு தீர்ந்துடுச்சு." சேமிக்கும்போது அது முதல் சொல்லையே பெயராக எடுத்துக்கொண்டது. அப்படித்தான் எங்கள் ஃபைலுக்கு உப்பு என்று பெயர் வந்தது. நான் அதற்குக் கீழே, "வாங்கிட்டேன். மூடியை யார் தொலைச்சது?" என்று எழுதினேன். மறுநாள் மூடியைப் பற்றி எட்டு வரி இருந்தது. இந்த மனிதருக்கு எட்டு வரி பேச வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம் அது வளர்ந்தது. அவர் காலையில் எழுதுவார், நான் மாலையில். ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்கக் கூடாது, தான் எழுதியதையும் அழிக்கக் கூடாது, கீழேதான் எழுத வேண்டும். "கீழ் வீட்டுக்காரர் இன்னைக்கும் குளிக்கும்போது பாடினார். தலையணையை எடுத்துக் காதை மூடினேன். பாட்டு தலையணைக்குள்ள வந்து உட்கார்ந்துக்கிச்சு" என்று ஒரு நாள். இன்னொரு நாள், "முதல் தட்டு பன் கருகிடுச்சு. உன்னை நினைச்சதாலன்னு எழுதலாம்னு பார்த்தேன். பொய். தூங்கிட்டேன்." அதற்கு நான், "என்னை நினைச்சேன்னே சொல்லியிருக்கலாம். ஒரு பொய் சொல்லக்கூடத் துப்பில்லாத ஆளைக் கட்டிக்கிட்டேன்" என்று எழுதினேன். பஸ்ஸில் போகும்போது அதை நினைத்துத் நான் தனியாகச் சிரிக்க, பக்கத்து சீட்டுக்காரி ஒரு மாதிரி பார்த்தாள்.

நேரில் அவரை "நீங்க, வாங்க, போங்க" என்றுதான் சொல்வேன். ஃபைலில் எப்போது அவர் "நீ" ஆனார் என்று ஞாபகமில்லை. அவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. நானும் மாலை ஆறு மணிக்கு ஒன்றுமே தெரியாதவள் போல "நீங்க"வுக்குத் திரும்பிவிடுவேன்.

ஃபைலின் முதல் பக்கத்தில், உப்புக்கும் மேலே, பிற்பாடு ஏற்றிய ஒரு வரி உண்டு. "யாரும் யாரையும் வேலையை மாத்தச் சொல்லக் கூடாது. கப்பல் வேண்டாம்." கப்பல் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய அண்ணன் ஒரு காலத்தில் கப்பலில் வேலை பார்த்தவர். என் ஓரகத்தி ஒரு நாள் அழுதுகொண்டே "நீங்க இல்லாம என்னால முடியல" என்று சொல்ல, வேலையை உதறிவிட்டு வந்துவிட்டார். பதினைந்து வருடமாக அதையே சொல்லிக்காட்டுகிறார். குழாய் ஒழுகினால், "உனக்காகக் கப்பலையே விட்டேன்." சாப்பாட்டில் காரம் தூக்கலாக இருந்தால், "கப்பலை விட்டது இதுக்குத்தானா?" ஓரகத்தி ஒருமுறை என்னிடம், "கப்பல் முழுகியிருந்தாக்கூட மனுஷன் இவ்வளவு புலம்பியிருக்க மாட்டார்" என்றாள். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வந்த அன்றுதான் நாங்கள் அந்த வரியை எழுதிக்கொண்டோம். இரண்டு பேரும் ரோஷக்காரர்கள்.

அந்த வரியை நான்தான் மீறினேன்.

ஒரு திங்கட்கிழமை. காலை நாலே முக்காலுக்கு அலாரம் அடித்தபோது கை தானாகப் பக்கத்துத் தலையணைக்குப் போயிற்று. முந்தின நாள் துவைத்துப் போட்ட உறையோடு விறைப்பாக இருந்தது. அன்று வேலையில் ஒரு இடுக்கி எண்ணிக்கையில் குறைந்தது. ஒரு இடுக்கி குறைந்தால் விளையாட்டில்லை, யார் வயிற்றுக்குள் கிடக்கிறதோ என்று அறையே நடுங்கும். இரண்டு மணி நேரம் தேடி, கடைசியில் துணி மடிப்புக்குள் கிடைத்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டே மறுபடி வேலையைப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் அழுகை அடங்கவில்லை. இடுக்கிக்காக அழவில்லை என்று எனக்கே தெரிந்தது. மாலை அவர் கிளம்பிய பிறகு லேப்டாப்பைத் திறந்து ஒரே மூச்சில் எழுதினேன்:

"இன்னைக்குக் காலையில உன் தலையணையைத் தொட்டுப் பார்த்தேன். மடிப்புக்கூடக் கலையல. ஒரே ஒரு நாளாவது நான் கண்ணு முழிக்கும்போது நீ பக்கத்துல தூங்கிட்டு இருக்கணும். பகல் வேலை கேட்டுப் பாரேன்."

சேமித்து, மூடியைப் பட்டென்று சாத்திவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன். மறுநாள் பஸ்ஸில்தான் புத்தி வந்தது. வாயை விட்டால் போச்சு என்பார்கள், விரலை விட்டாலும் போச்சு. இந்நேரம் படித்திருப்பார். ஒன்று, பகல் வேலைக்குப் போய்ச் சம்பளம் குறைந்து, வருடக்கணக்கில் எனக்கு ஒரு கப்பல் ஓட்டுவார். இல்லாவிட்டால் "முடியாது" என்பார். இரண்டில் எது மோசம் என்று யோசித்துக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலில் மட்டும் காலுறை போட்டிருந்தார்.

"அது போயிடுச்சு," என்றார்.

"எது?"

"லேப்டாப். ஆன் ஆகல."

"எப்போ?"

"காலையில."

குனிந்து இன்னொரு காலுறையைத் தேடினார். எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே! காலையிலேயே போய்விட்டதென்றால் படித்திருக்க மாட்டார். நான் எழுதியது எழுதாத மாதிரிதான். காலுறையை நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார், ஏதோ கேட்கப் போகிறவர் மாதிரி. அப்புறம் ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் அதைப் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் காதிடுக்கில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அதனால் தெருவே அவரை ஸ்க்ரூ என்று கூப்பிடும், அவரும் திரும்பிப் பார்ப்பார். திறந்து பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சும்மா. இதைச் சரி பண்ற காசுக்கு வேறயே வாங்கிடலாம். ஆனா டிஸ்க் நல்லா இருக்கு. உயிர் இருக்கு, உடம்புதான் இல்ல" என்றார்.

எனக்கோ லேப்டாப் உடனே வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் புதிய ஆவி மெஷின் வருகிறது. அதற்கு அடுத்த திங்கள் முதல் ஆறு வாரம், தினமும் இரவு ஏழு மணிக்கு இணையத்தில் பாடம், கேமரா முன்னால் உட்கார வேண்டும், கடைசியில் பரீட்சை. தேறுகிறவருக்கு இன்சார்ஜ் பதவி. இந்தச் செய்தி வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் என்னை இன்சார்ஜ் என்றுதான் கூப்பிடுகிறார். ஞாயிறு மதியம் கடைக்குப் போய் ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம்.

நடுவில் இருந்த நாட்களைச் சொல்லியே ஆக வேண்டும். ஃபைல் இல்லாமல் அந்த அரைமணியில் நாங்கள் எதிரும் புதிருமாக நின்றோம்.

"பால் இருக்கா?"

"இருக்கு."

"பஸ்ல கூட்டமா?"

"ஆமா."

அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோதுகூட இதைவிட நாலு வார்த்தை அதிகம் பேசியிருப்போம். அவர் பின்கழுத்தில், எத்தனை குளித்தாலும் போகாத மாவு, முடிக்கு நடுவில் வெள்ளையாகத் தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கீழ் வீட்டுப் பாட்டைப் பற்றி எழுதினவர் எங்கே போனார்? எதிரில் நிற்கிற மனிதருக்காகவே எனக்கு ஏக்கமாக இருந்தது. இதை யாரிடமாவது சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

ஞாயிறு மதியம் ஸ்க்ரூ இரண்டு லேப்டாப்களை எங்கள் முன்னால் வைத்தார். ஒன்று புதியது, சின்னது, மலிவு விலை. ஒரு நோட்டுப் புத்தகம் அகலம்தான் இருக்கும், ஒற்றைக் கையில் தூக்கலாம். இன்னொன்று ஏதோ ஆபீஸில் நாலு வருடம் ஓடியது. கறுப்பாக, கனமாக, மூலையில் யாரோ ஒட்டிப் பிய்த்த காகிதத்தின் தழும்போடு இருந்தது. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"ஒளிக்காம சொல்றேன்," என்றார் ஸ்க்ரூ. "புதுசு பார்க்க லட்சணமா இருக்கும். பேட்டரி ஒரு நாள் நிக்கும். ஆனா வேகம் கம்மி, ஒரே நேரத்துல நாலு வேலை குடுத்தா முழி பிதுங்கிடும். பழசு வேலைக்காரன். என்ன, பேட்டரி முக்கால்மணி நேரம், அப்புறம் ஒயர்லயே இருக்கணும். கீல் கொஞ்சம் லூஸ்."

"சின்னதே போதும்," என்றேன்.

"பழசுல பட்டன் பெருசா இருக்கு," என்றார் என் வீட்டுக்காரர்.

"பட்டனைப் பார்த்து லேப்டாப் வாங்கற ஆள் உலகத்திலேயே நீங்க ஒருத்தர்தான்."

ஸ்க்ரூ சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. பழைய லேப்டாப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு, "எங்க பழைய டிஸ்க்கை இதுல மாட்ட முடியுமா?" என்று கேட்டார்.

நான் சின்ன லேப்டாப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"தாராளமா. டிவிடி போடற இடத்தைக் கழட்டிட்டு அதுல சொருகிடலாம். உங்க ஃபைலெல்லாம் அப்படியே வந்துடும்."

"சின்னதுல?"

"அதுல எல்லாத்தையும் ஒட்டியே அனுப்பிடறான். கழட்டவும் முடியாது, மாட்டவும் முடியாது. வெளியிலேர்ந்து செருகிப் படிக்க ஒரு கேபிள் இருக்கு. இப்போ கைவசம் இல்ல, சொன்னா வரவழைச்சு..."

"கேபிள் வேண்டாம்," என்றேன். நான் சொன்ன வேகத்தில் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தணித்துக்கொண்டு, "அதுல என்ன பெரிய புதையலா இருக்கு? உப்பு, பருப்பு, காஸ். போனது போகட்டும்" என்றேன்.

"மூணு வருஷம் இருக்கு," என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார்.

எனக்கும் தெரியாதா? அந்த மூன்று வருடத்தையும் வரி வரியாக நான் சொல்வேனே. கருகிய பன்னையும், தலையணைக்குள் உட்கார்ந்த பாட்டையும் விட்டுக்கொடுக்க எனக்கு மட்டும் மனசா? ஆனால் அதன் கடைசியில் என் வரி உட்கார்ந்திருக்கிறதே. அதை மட்டும் வெட்டி எடுக்க ஒரு வழி இருந்திருந்தால் கறுப்பு லேப்டாப்பைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். என் கெஞ்சலை அவர் படித்து, அந்த முகத்தை நான் பார்ப்பதைவிட மூன்று வருடம் போவது பரவாயில்லை என்று அந்த நிமிஷம் தோன்றியது.

"மூணு வருஷ உப்பை வெச்சு ஊறுகாயா போடப் போறோம்?" என்றேன். "பஸ்ல எடுத்துட்டுப் போய்ப் படிக்கணும்னா சின்னதுதான் சரி. ஆறு கிலோ பெட்டியைச் சுமந்துக்கிட்டு நான் எங்க போறது?"

"ஆறெல்லாம் இல்லம்மா, ரெண்டரைதான்," என்றார் ஸ்க்ரூ.

"நீங்க சும்மா இருங்க."

என் வீட்டுக்காரர் பழைய லேப்டாப்பின் மூடியை ஒருமுறை திறந்தார், ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்தார், மூடினார். "சரி. உன் படிப்புக்குத்தானே வாங்கறோம், இன்சார்ஜ். உனக்குப் பிடிச்சதை எடு" என்றார். கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். இப்படிச் சட்டென்று விட்டுக்கொடுத்தால் மனுஷி என்ன செய்வாள்? ஸ்க்ரூ எங்கள் டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நீட்டினார். நான் கை நீட்டுவதற்குள் அவர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீடு வரை அந்தப் பையின் மேல் கையை வைத்தபடியே நடந்தார்.

சின்ன லேப்டாப் வந்தது. அழகுதான். முதல் காலை அவர் தட்டிய வரி "பால் இருக்கு." புதிய ஃபைலுக்குப் பால் என்று பெயராயிற்று. நான் அன்றிரவு முதல் பாடம் முடிந்ததும் அரைப் பக்கம் எழுதினேன்: பாடம் நடத்தும் பெண்மணிக்குப் பின்னால் ஒரு பூனை வந்து உட்கார்ந்ததை, கேமராவில் என் முகம் பூசணிக்காய் மாதிரி தெரிந்ததை. மறுநாள் காலை அவர் பதில்: "நல்லது. தூங்கறேன்." அடுத்த நாள், "காஸ் சொல்லியாச்சு." அந்தப் பொடிப் பொத்தான்களில் அவர் விரல் ஒன்றைத் தொட்டால் பக்கத்து வீட்டையும் சேர்த்து எழுப்பியது. இரண்டு வார்த்தைக்கே அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று நினைத்தபோது என் மண்டையிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. போனில் "ம்" போட்டவரை லேப்டாப்பிலும் "ம்" போட வைத்துவிட்டேன். நானே கேட்டு வாங்கிய வரம், யாரை நொந்துகொள்வது?

நாலு நாளைக்கு மேல் தாங்கவில்லை. வியாழக்கிழமை வேலை முடிந்து வரும்போது ஸ்க்ரூ கடையில் இறங்கினேன். அந்த வரி இருந்தால் இருக்கட்டும், நானே முதலில் அழித்துவிட்டால் போயிற்று, விதியாவது மண்ணாவது என்று ஒரு கணக்கு.

"அந்தக் கேபிள்..." என்று இழுத்தேன்.

"ஆர்டர் போட்டாச்சும்மா. இன்னும் பத்து நாள் ஆகும். அதான் உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேனே."

"அவர் எப்போ வந்தார்?"

"திங்கட்கிழமை மதியம். செவ்வாயும் வந்தார். நேத்தும் வந்தார். தூக்கத்துலேர்ந்து எந்திரிச்சு வந்த மாதிரி கண்ணெல்லாம் செக்கச்செவேல்னு இருந்துது. எப்போ வரும், எப்போ வரும்னு ஒரே நச்சரிப்பு."

"எதுக்குன்னு சொன்னாரா?"

"சொல்லல. நீங்க வேண்டாங்கறீங்க, அவர் வேணுங்கறார், இப்போ நீங்களும் வேணுங்கறீங்க. ரெண்டு பேரும் வீட்டுல பேசிக்கறதே இல்லையா?"

வீட்டுக்கு வந்தபோது அவர் ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தார். கண் சிவந்துதான் இருந்தது. தூங்கவே நேரமில்லாத மனிதர் பகல் தூக்கத்தை விட்டுவிட்டு மூன்று நாள் கடைக்கு நடந்திருக்கிறார். பழைய பக்கங்கள் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை, நான்தான் அவற்றைப் பிடுங்கிக்கொண்டேன். இன்னும் பத்து நாளில் கேபிள் வரும், என் வரியையும் படிப்பார். "அது சும்மா, தூக்கக் கலக்கத்துல எழுதினது" என்று சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

"என்ன பார்க்கற?" என்றார்.

"ஒண்ணுமில்ல. பத்திரமா போங்க."

"ம்."

மறுநாள் விடியற்காலை அலாரம் அடித்தது. கண்ணைத் திறக்காமலே அதை நிறுத்திவிட்டு, வழக்கம்போல் பக்கத்துத் தலையணைக்குக் கையை நீட்டினேன். விரலில் முடி தட்டுப்பட்டது. சுடச்சுட ரொட்டி வாசனை வந்தது.

எழுந்து உட்கார்ந்தேன். அவர் போர்வைக்கு மேலே விறைப்பாகப் படுத்திருந்தார். வேலைச் சட்டை, புருவமெல்லாம் மாவு, மெத்தை அழுக்காகாமல் ஷூ போட்ட இரண்டு காலும் கட்டிலுக்கு வெளியே. கண்களை இறுக்கி மூடியிருந்தார். குறட்டை இல்லை. ஜன்னலுக்குக் கீழே பேக்கரி வேனின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"தூங்கறேன்," என்றார், கண்ணைத் திறக்காமல்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. "படிச்சிட்டீங்களா?"

"தூங்கறவன்கிட்டக் கேள்வி கேக்கக் கூடாது."

"அன்னைக்கே படிச்சிட்டீங்களா?"

இமை துடித்தது. "படிச்சு, ஒரு பக்கம் பதில் எழுதி, மூடியும் வெச்சேன். இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்னு மறுபடி திறந்தா, அது கண்ணை மூடிடுச்சு. உனக்குக் காட்டத்தான் அந்தப் பழசை வாங்கலாம்னேன். வாயால சொல்ல எனக்கு வரல."

"என்ன எழுதினீங்க?"

"பழசை வாங்கியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

ஒரு தட்டுத் தட்டினேன் தோளில். மாவு பறந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது. "பகல் வேலை..." என்று ஆரம்பித்தேன்.

"மூணு தடவை கேட்டாச்சு. தரல."

"எப்போ கேட்டீங்க?"

"நீ எழுதறதுக்கு முன்னாடியே. போன வருஷத்துலேர்ந்து." கண் இன்னும் மூடித்தான் இருந்தது. "நாலாவது தடவையும் கேப்பேன். கிடைச்சா, உனக்காக அடுப்பை விட்டேன்னு ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவேன். பரவாயில்லையா?"

கீழே வேன் ஒரு ஹாரன் அடித்தது. முதல் லோடு இந்தத் தெரு வழியாகத்தான் போகும், டிரைவரைக் கெஞ்சி ஏறி வந்திருக்கிறார். அடுத்த மாவு பொங்கி வர இருபது நிமிஷம் ஆகும், அதற்குள் திரும்பி அடுப்பு முன்னால் நிற்க வேண்டும்.

"போகணும்ல?"

"தூங்கறேன்."

இரண்டாவது ஹாரன் அடித்தது. அலாரம் மறுபடி அடித்தது, அதை நிறுத்தினேன். எனக்கும் பஸ் இருந்தது. "சரி, நீ தூங்கு," என்றேன். வாயால் அவரை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் உதடு லேசாக அசைந்தது. நானும் பக்கத்தில் படுத்து, அவர் தோளில் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது ஹாரன் அடிக்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் தூங்கினோம்.